ஆப்பிள் பையும் நலம் விசாரிக்க வந்தவர்களும்

பூனாவில், போபோடியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையல் மூலையில் ஒரு பச்சை நைலான் வலைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வருகிற பை. ஒரு டிசம்பர் மாதம் அதில் ஆப்பிள் வந்தது. பச்சை வலைக்குள் சிவப்புப் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பை உப்பி, ஆணியே சற்றுச் சாய்ந்து நின்ற அந்தக் காட்சி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது, பிள்ளைகளே. உங்களுக்கு ஆப்பிள் என்பது டிபன் டப்பாவில் பாதி கடித்தபடி வீட்டுக்குத் திரும்பி வருகிற பழம். அன்றைக்கு எங்கள் சந்தில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரி. யாராவது படுத்தால்தான் அதை வாங்குவோம். பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவார்கள், படுத்திருப்பவர் ஒன்றோ இரண்டோ சாப்பிடுவார், மீதி பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். நல்ல உடம்போடு இருக்கிற மனிதர் ஆப்பிள் வாங்கித் தின்றால், வராத நோயைக் கையைப் பிடித்து அழைப்பது மாதிரி எங்களுக்குப் படும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

நான் எழுதப்போவது உங்கள் பெரியம்மாவைப் பற்றி. என் அண்ணனின் மனைவி. நான் அண்ணி என்று கூப்பிட்டே பழகியவன், அப்படியே எழுதுகிறேன். பத்தாவதை முடித்துவிட்டு ஆரணிப் பக்கத்திலிருந்து வேலை தேடி நான் பூனாவுக்கு வந்தபோது, அண்ணன் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அறை, அதை மறித்த பாதிச் சுவருக்குப் பின்னால் சமையல், மேலே சிமெண்ட் ஷீட். அதற்குள் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். அண்ணி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஹிந்தியைத் தமிழ் மாதிரியும், மராத்தியை ஹிந்தி மாதிரியும் பேசுவார். ஆனால் கடைக்குப் போனால் நினைத்ததை வாங்காமல் திரும்பியதில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. என்னால் முடியாது என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். இன்றைக்கு ஹிஞ்சேவாடியில் வேலைக்குப் போகிற உங்கள் அக்காதான். அப்போது ஐந்தாம் வகுப்பு. அண்ணன் ஓவர்டைம் பார்த்து அவளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ராணுவக் குடியிருப்பிலிருந்து வருபவர்கள். பாப்பா டிபன் டப்பாவைத் திறந்தால் இட்லி, மூடினால் இட்லி. முன் வரிசையில் ஒரு பெண், ஏதோ பெரிய அதிகாரியின் மகள், "இன்றைக்கும் இட்லிதானே, திறக்காமலேயே சொல்வேன்" என்று தினமும் சொல்லிச் சிரிக்குமாம். ஒருநாள் பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் ஒரு படம். ஜன்னல் ஓரத்தில் வட்டமான தட்டு, ஓரமெல்லாம் மாவு, நடுவில் ஆப்பிள், மேலே மணலைத் தூவியது மாதிரி பொடிப்பொடியாய் ஒரு மேல்பரப்பு, அதிலிருந்து ஆவி. அதைக் காட்டி, "எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா இதைச் செய்வாள்" என்று சொல்லிவிட்டாள். முன் வரிசைப் பெண் அங்கேயே மிஸ்ஸிடம் எழுந்து சொன்னது. மிஸ்ஸும் நல்ல மனதோடு, "அப்படியா, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் வகுப்பு விருந்து இருக்கிறதே, உன் அம்மாவை அதைக் கொண்டுவரச் சொல்" என்றார்களாம்.

இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. தெரிந்ததெல்லாம், மறுநாள் காலை பாப்பாவுக்கு வயிற்றுவலி. அதற்கு மறுநாளும் வயிற்றுவலி.

"வயித்துவலின்னா சுருண்டு படுக்கணும்டி. நீ இன்னாத்துக்கு உக்காந்துகினு ஷீட்டு ஓட்டைய எண்ணினு கீற?" என்றார் அண்ணி.

பாப்பா ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லாம் வந்தது. நான் வேலைக்குப் போக சைக்கிளை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அந்தக் காலத்துத் தாய்மார்கள் அதற்கெல்லாம் யோசிக்கமாட்டார்கள். அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா பண்டம் தம்பி?"

"ஆப்பிள் பை அண்ணி. வெள்ளைக்காரங்க ஊர்ப் பலகாரம். மாவுக்கு நடுவுல ஆப்பிள வச்சு சுடறது."

"ஆப்பிள சுடறாங்களா?" நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த அண்ணன் போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். "பச்சையா தின்னா பல்லு வலிக்குதாமா அவங்களுக்கு?"

"நீ தூங்கு" என்றார் அண்ணி. பிறகு பாப்பாவிடம் திரும்பினார். "சொன்ன வாய் உன்னுது. செய்யற கை என்னுது. விருந்து எப்போ?"

"வர்ற சனிக்கிழம."

"அதுக்குள்ள ஆயிடும். எழுந்து மூஞ்சி கழுவு. எம் பொண்ணு பொய் சொன்னான்னு எவளும் பேசக்கூடாது. அப்பால வாராவாரம் செஞ்சிட்டா அது பொய்யே இல்ல, போ."

இந்த நியாயம் சரியா தப்பா என்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்கும் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தக் காலை நேரத்தில் பாப்பாவின் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தவன் கேட்டிருக்கமாட்டான். பத்து வயதுப் பிள்ளைக்கு வகுப்பறைதான் உலகம். அங்கே ஒருமுறை பெயர் கெட்டால் பள்ளி முடியும்வரை அந்தப் பெயர் கூடவே வரும். அண்ணிக்கு அது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

புத்தகத்தில் படத்துக்குக் கீழே இருந்த வரிகளை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆப்பிள், சர்க்கரை, பட்டைத் தூள், மைதா, வெண்ணெய். மேலே தூவுவதற்கு மைதாவையும் சர்க்கரையையும் வெண்ணெயோடு விரலால் உதிர்க்க வேண்டும் என்பதோடு சரி. எவ்வளவு என்று எதற்கும் இல்லை. "பட்டையா? அத பிரியாணிக்கில்ல போடுவோம்" என்று அண்ணி முகம் சுளித்தார். ஆனாலும் அம்மியில் வைத்துப் பொடித்துவிட்டார். நான் பச்சை வலைப்பையை எடுத்துக்கொண்டு கட்கி பஜாரில் ஆப்பிள் வாங்கி வந்தேன். வீட்டில் அடுப்பு என்பது ஒற்றை ஸ்டவ். சுடுவதற்கு அது ஆகாது. அதற்கு எங்களுக்குப் பட்டி இருந்தது.

பட்டி என்றால் இங்கே பேக்கரிக்காரர்களின் செங்கல் சூளை அடுப்பு. உள்ளே விறகை எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, அந்தச் சூட்டில் ரொட்டி சுடுவார்கள். விடியற்காலைக் கொடும் சூட்டில் பாவ் ரொட்டி வேகும். மத்தியானம் சூடு இறங்கியதும் அக்கம்பக்கத்து வீடுகளின் முறை. தீபாவளிக்கு முன்னால் எல்லா வீட்டுப் பெண்களும் நான்கட்டாய் என்கிற நெய் பிஸ்கட்டுக்கு மாவை உருட்டித் தகரத் தட்டுகளில் அடுக்கிக் கொடுத்தனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேக் தட்டுகள் வரும். எங்கள் சந்து முனையில் இருந்த பட்டியை நடத்தியவரை எல்லோரும் பட்டி பாய் என்போம். நீளமான மரத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதுமாக, வாய் ஓயாமல் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பார்.

முதல் தட்டை அண்ணி நல்ல நம்பிக்கையோடுதான் தயார் செய்தார். அடி மாவைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, ஆழமான அலுமினியத் தட்டில் விரித்தார். ஆப்பிளைச் சீவி சர்க்கரையும் பட்டையும் பிசிறிப் பரப்பினார். மேலே போடுகிற உதிருக்கு வந்தபோது புத்தகப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அட, இது நம்ப கேவுரு புட்டு மாவு பதம்தானே! இதுக்கா இவ்ளோ பயந்தோம்?"

எங்கள் ஊரில் கேழ்வரகுப் புட்டுக்கு மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுவார்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அண்ணியின் கை அதில் கெட்டிக்காரக் கை. மைதாவில் உருக்கிய வெண்ணெயைக் கொஞ்சம் விட்டு, பழக்கதோஷத்தில் உப்புத் தண்ணீரைத் தெளித்து, அழகாகப் பிசிறித் தூவிவிட்டார். பார்க்கப் படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. துண்டைப் போட்டு மூடி நான் பட்டிக்கு எடுத்துப் போனேன்.

திரும்பி வந்ததைப் பட்டி பாய் துடுப்பின் நுனியால் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. "அரே பாய், இது தின்பதற்கா, மேலே வண்டி ஓட்டுவதற்கா?" என்று ஹிந்தியில் கேட்டார். "நம் சந்து ரோட்டுக்கு இந்த மாதிரிதான் யாராவது போட வேண்டும். மழைக்குக்கூடக் கரையாது." வீட்டில் கத்தி இறங்கவில்லை. அண்ணன் அம்மிக் குழவியை எடுத்துவந்து கொடுத்தார். உடைத்துப் பார்த்தால் மேலே ஓடு, கீழே ஆப்பிள் தண்ணீர் விட்டு அடி மாவெல்லாம் களி. பாப்பா புத்தகத்தை மூடி வைத்தாள். அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

அண்ணி அன்று சாயங்காலமே பட்டிக்குப் போனார், நானும் கூடப் போனேன். பெண்கள் மாவைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பதுதான் வழக்கம். அண்ணி நேராக உள்ளே போய், தன் ஹிந்தியில், "பாய், நீ இந்தப் பண்டத்தைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவர் முன்பு ராணுவக் கேம்ப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். மேம்சாப் ஒருவர், பெரிய வீட்டு அம்மா, தட்டைத் தயாராகவே கொடுத்தனுப்புவாராம். "நான் தள்ளினேன், இழுத்தேன், அவ்வளவுதான். மேலே மணல் மாதிரி இருக்கும், ஓரத்தில் பழச்சாறு கொதித்து மேலே வரும். வந்தால் எடுத்துவிடுவேன். அதை எப்படிச் செய்தார் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணியின் கண் மேசைமேல் போயிற்று. நான்கட்டாய் அடுக்கி எடுத்த காகிதத்தில் உடைந்த தூள் கொஞ்சம் கிடந்தது. அண்ணி அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். வாயில் போட்டார். மறுபடி ஒரு சிட்டிகை.

"தம்பி, இதுல தண்ணியே இல்ல."

அவ்வளவுதான். வீடு வரும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நெய்யும் மாவும் மட்டும் சேர்ந்தால் அது உதிரும், தண்ணீர் பட்டால் ஒட்டும், ஒட்டினால் சூட்டில் ஓடாகும். புட்டு ஆவியில் வேகிற பண்டம், அதற்குத் தண்ணீர் வேண்டும். இது அனலில் வேகிற பண்டம். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அண்ணிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் வீட்டில் ஆப்பிள் தீர்ந்துபோயிருந்தது. மாதக் கடைசி. இன்னொரு தடவை அத்தனை ஆப்பிள் வாங்க வழியில்லை என்பது சொல்லாமலேயே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் சந்து உள்ளே நுழைந்தது.

மறுநாள் சாயங்காலம் வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். எதிர்வீட்டுச் சேலத்து அக்கா, குழாயடி வீட்டு மராத்திக்கார மாவ்ஷி. மாவ்ஷி என்றால் சித்தி. இருவர் முகமும் கல்யாண வீட்டுக்கு வருகிற முகமாக இல்லை. மாவ்ஷியின் கையில் ஒரு பை. அக்கா கையிலும் ஒரு பை. உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, அக்கா கேட்டார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அண்ணி விழித்தார். "ஆஸ்பத்திரியா? இன்னாக்கா சொல்ற?"

"எங்கிட்ட எதுக்கு மறைக்கறே? உன் கொழுந்தன் பை நெறைய ஆப்பிளு கொண்டாந்தத எங்க வீட்டுக்காரரு பார்த்தாரு. ராத்திரியெல்லாம் கஷாய வாசனை வருது, பட்டைக் கஷாயம். நேத்து இவன் துண்டு போட்டு மூடித் தட்டுல என்னமோ எடுத்துட்டுப் போறான். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு இல்லாம வேற என்ன? உன் வீட்டுக்காரர நாலு நாளா கண்ணுலயே காணோம்."

மாவ்ஷி அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல வருஷமாகத் தமிழர்களுக்கு நடுவில் இருந்த பழக்கத்தில் தமிழிலேயே பேசினார். "பயப்படாதே பேட்டி, என் மகளே. ஆபரேஷன் ஆனா எல்லாம் டீக் ஆயிடும்."

பைகளைக் கீழே வைத்தார்கள். இரண்டிலும் ஆப்பிள். அக்காவின் பையில் சிவப்பு. மாவ்ஷியின் பையில் பச்சையும் மஞ்சளுமாக, புளிப்பு ஜாதி, சின்னச் சின்னப் பழங்கள். அண்ணி குனிந்து அந்தப் பைகளைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். பாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாப்பா எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு வேண்டியது வீடு தேடி வந்து காலடியில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணி ஒன்றும் சொல்ல வேண்டாம். வெறுமனே ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அவர்களே மீதியை நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணனும் அந்த நேரம் பார்த்து ஷிப்டுக்குப் போயிருந்தார். பெருமூச்சு வருமா என்று நான் காத்திருந்தேன். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்றார் அண்ணி. "அவரு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குறாரு. இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துல, நம்ப ஊட்ல செய்யாத பலகாரத்த செய்வோம்னு சொல்லிட்டு வந்துட்டா. அத செய்யத்தான் ஆப்பிளு வாங்கனோம். செஞ்சோம், கல்லு மாதிரி ஆயிப் போச்சு. இத எடுத்துனு போயிடுங்க. நோயாளிக்குன்னு கொண்டாந்தத நான் வாங்கக்கூடாது."

சேலத்து அக்காவின் முகத்தில் ஏமாற்றம் மாதிரி ஏதோ ஒன்று ஓடியது. ஒரு பெரிய ஆபரேஷனை எதிர்பார்த்து வந்தவருக்கு கல்லாய்ப் போன ஒரு பலகாரம் கிடைத்தால் அப்படித்தான் இருக்கும். மாவ்ஷிதான் முதலில் சிரித்தார். அவருக்குக் கனத்த உடம்பு. சிரித்தால் சுவரில் மாட்டிய காலண்டரும் ஆடும். சிரித்து முடித்துப் பையை அண்ணியின் பக்கமாகக் காலால் தள்ளினார்.

"திரும்பக் கொண்டுபோய் நான் என்ன செய்ய? என் வீட்லே எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க. ஆப்பிள் யார் சாப்பிடும்? நீயே வச்சுக்க. ஆனா எனக்கு ஒரு துண்டு வேணும்."

"எனக்கும்" என்றார் அக்கா. "கல்லா இருந்தா வேணாம்."

பிள்ளைகளே, நம்மிடம் ஒருவர் இரக்கப்படும்போது அதை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இல்லாதவருக்கு அது இன்னும் கஷ்டம். அண்ணி அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டார். தான் ஏதோ பெரிதாகச் செய்ததாக அவர் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அரைநாள் லீவு போட்டேன். இந்தத் தடவை எல்லாமே வேறு மாதிரி நடந்தது. சிவப்பு ஆப்பிளோடு மாவ்ஷியின் புளிப்பு ஆப்பிளையும் கலந்து சீவி, சர்க்கரையும் பட்டையும் போட்டு, ஸ்டவ்வில் வைத்து அரைப்பதமாக வதக்கினார். "தண்ணிய இங்கியே சுண்ட வச்சிட்டா அப்பால அடியில போய் நிக்காது" என்றார். சிவப்பு ஆப்பிள் குழைந்துவிட்டது. புளிப்பு ஆப்பிள் துண்டு துண்டாக நின்று கொடுத்தது. வெண்ணெயை உருக்கவில்லை. பூனா டிசம்பர் குளிரில் அது கட்டியாகவே இருந்தது. அதை மைதாவிலும் சர்க்கரையிலும் போட்டு, உள்ளங்கை படாமல், விரல் நுனியால் மட்டும் உதிர்த்தார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தால் கை தானாக அதில் போய்விடும் என்று சொல்லி, பாப்பாவிடம் கொடுத்து வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். உதிர் அங்கங்கே பெரிதும் சிறிதுமாக, பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. மீதி மாவிலும் ஆப்பிளிலும் ஒரு டிபன் கிண்ணத்தில் இன்னொன்று செய்தார், சந்துக்கு.

பட்டிக்கு நாங்கள் மூவரும் போனோம். அன்றைக்கு கேக் தட்டுகள் நிறைய. பட்டி பாய் எங்கள் தட்டைப் பார்த்து, "இன்றைக்கும் ரோடு வேலையா, தங்கச்சி?" என்றார். அண்ணி பட்டியின் வாய்க்கு நேரே தள்ளி நின்றுகொண்டு, புடவையை இழுத்துச் செருகி, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அனல் முகத்தில் அடித்தது. அவர் நகரவில்லை. பாதியில், "அந்தப் பக்கம் அதிகமா செவக்குது, திருப்பு" என்றார். பாய் திருப்பினார். பாப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடி விட்டுவிட்டு இறுகியது. பிறகு தட்டின் ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. பழுப்பு நிறத்தில், சர்க்கரைப் பாகு மாதிரி, மெல்ல எழுந்து உடைந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

பட்டி பாய் கேலியை நிறுத்திவிட்டார். துடுப்பை உள்ளே விட்டு, ஒரு குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி அந்தத் தட்டை வெளியே எடுத்தார். மேலே மணல் பொன்னிறம். ஒரு ஓரம் மட்டும் கருகியிருந்தது. துடுப்பு நுனியால் தட்டினார். சத்தம் வரவில்லை. மெல்ல அமுங்கியது. "இதுதான்" என்றார், ஹிந்தியில். "மேம்சாப் கொடுத்தது இதுதான்."

கிண்ணத்தில் செய்ததைக் குழாயடியில் வைத்து அண்ணி பங்கு போட்டார். மாவ்ஷி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சேலத்து அக்கா, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கலாம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சர்டிபிகேட்.

சனிக்கிழமை அண்ணி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். தட்டை நான் சுமந்தேன். வகுப்பறையில் மேசைகளை ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். கடையில் வாங்கிய கேக், சமோசா, சிப்ஸ். நடுவில் எங்கள் அலுமினியத் தட்டு. அண்ணி கருகிய ஓரத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். மிஸ் முதல் துண்டைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று இன்னொரு ஸ்பூன் எடுத்தார். முன் வரிசைப் பெண்ணும் ஒரு துண்டை எடுத்து, கீழே மாவு, நடுவில் பழம், மேலே உதிர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தின்றது. குறை சொல்ல இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. மிஸ் சிரித்துக்கொண்டே பாப்பாவிடம் இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அந்த அளவுக்குப் புரியும். "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு இது கிடைக்கிறதா? அதிர்ஷ்டக்காரிதான்."

தலையை ஆட்டினால் போதும். அதற்காகத்தான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீடு பட்டியும் பழமுமாக அலைந்தது. பாப்பா தலையை ஆட்டவில்லை. அம்மாவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லை மிஸ். நேற்றுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் சும்மா சொன்னேன்."

"அப்போ பொய்தானே!" என்றது முன் வரிசைப் பெண், வாய் நிறைய.

"ஆமாம். பொய்தான். அதற்கப்புறம்தான் அம்மா செய்தாள்."

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நிற்க இடமில்லை, தானாக அடங்கிவிட்டது. மிஸ் ஒரு நிமிஷம் பாப்பாவைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். எழுந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, யாரும் தொடாமல் இருந்த கருகிய ஓரத்திலிருந்து தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். முன் வரிசைப் பெண்ணும் தன் தட்டை நீட்டியது.

"இன்னா தம்பி சொல்றா? இன்னா கேட்டாங்க?" என்று அண்ணி என் முழங்கையை இடித்தார். இங்கிலீஷ் அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அப்புறம் சொல்றேன் என்றேன்.

இன்றைக்கு உங்கள் அக்கா வீட்டில் மின்சார அவன் இருக்கிறது. சூட்டை எண்ணில் வைத்தால் அதுவே பார்த்துக்கொள்கிறது, மணியும் அடிக்கிறது. எந்தப் பக்கமும் கருகுவதில்லை. அவள் செய்கிற ஆப்பிள் பை அண்ணி செய்ததைவிட நன்றாகவே இருக்கிறது, இதை அண்ணியே ஒப்புக்கொள்வார். எங்கள் சந்திலும் இப்போது யாரும் ஆப்பிளைப் பார்த்து ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்பதில்லை. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆப்பிளும் பட்டையும் சேர்ந்து வேகிற வாசனை எங்கே வந்தாலும், எனக்கு ஞாபகம் வருவது நாங்கள் அன்று பள்ளியிலிருந்து நடந்து வந்த பாதைதான்.

காலித் தட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு பாப்பா முன்னால் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தாள். நானும் அண்ணியும் பின்னால். மிஸ் கேட்டதையும், அவள் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. லோக்கல் போகும்வரை நின்றோம். ரயில் போன பிறகும், கேட் திறந்த பிறகும், அவர் நகராமல் முன்னால் போகிற மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் கடைசியில். "அத நான் சொல்லிக் குடுக்கல."